பழைய பிக்கப் வண்டிக்கு ஒரு குறிப்பேடு

இராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியிலும் தளவாய்புரம் முதலிய சுற்றூர்களிலும், தேங்காயும் மாங்காயும் துணி மூட்டையும் ஏற்றிக்கொண்டு, முதல் உடையவர் காலமாகி மகன் தலையெடுத்து, சில இடங்களில் பேரனும் ஸ்டியரிங் பிடிக்கத் தொடங்கிய பின்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய பிக்கப் வண்டிகளைக் காண்கிறவர்கள், ஓட்டுகிறவருடைய சாமர்த்தியத்தையும் பழுது பார்க்கிற மெக்கானிக்கின் கைத்திறனையும் மெச்சுவார்களேயன்றி, இவ்விரண்டும் நீடித்து நிற்பதற்கு ஆதாரமாக எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று அவசியம் என்று நினைப்பதில்லை. இந்தப் பிராந்தியத்து வண்டி ஞானம் பெரும்பாலும் வாய்மொழியாக வந்தது. பட்டறையில் சிறுவனாகச் சேர்ந்தவன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே தொழில் படித்து, பிற்பாடு தானே ஒரு பட்டறை வைத்து, தனக்குத் தெரிந்ததைத் தன்னிடம் வேலை செய்கிற பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். கம்பெனிக்காரர்கள் இருந்து, ஏஜெண்டு கடையில் உதிரிப் பாகமும் புத்தகமும் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சம்பிரதாயமே போதுமானதாக இருந்தது. வண்டி இருக்க, அதைச் செய்தவர்கள் போய்விட்ட இக்காலத்தில் அது போதாது.

1953-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியார் வெளியிட்ட சி.ஜே. 3பி ஜீப்பை அங்கே 1968-லேயே நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் மகேந்திரா கம்பெனியார் அதே மாதிரியையும் அதன் வழிவந்தவற்றையும் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்துவந்தார்கள். அந்த ஜீப்புகளை வாங்கி, பின்பக்கத்தை நீட்டி, பலகையும் தகடும் அடித்துப் பிக்கப்பாக மாற்றியவர்கள் நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள். 1988-ல் டாடா மொபைல் வந்தது. அதே பத்தாண்டில் ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்து அல்வின் நிசான், டி.சி.எம். டொயோட்டா முதலிய சிறு பாரவண்டிகளும் வந்தன. அக்கூட்டுகள் கலைந்து, பெயர்கள் கைமாறி, அவற்றின் சர்வீஸ் புத்தகங்கள் பழைய காகிதக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று அப்படிப்பட்ட வண்டி ஒன்றை வைத்திருப்பவருக்கு யாதொரு கம்பெனியும் பதில் சொல்லப் போவதில்லை. அவருக்கு வேண்டிய புத்தகத்தை அவரும் அவரைப்போன்ற மற்ற உடையவர்களும் மெக்கானிக்குகளும் சேர்ந்துதான் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைக் காலத்திற்கேற்பத் திருத்திக் காப்பாற்றவும் வேண்டும்.

அப்படி எழுதப் புகுகிறவர்கள் சாதாரணமாகச் செய்கிற காரியம், முதற்பக்கத்தில் ‘மகேந்திரா ஜீப்’ என்று தலைப்பிட்டு, அதன்கீழ் எஞ்சின் ஆயில் இவ்வளவு, டேப்பட் இவ்வளவு, பாயிண்ட் இவ்வளவு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு போவதாகும். இது அறவே கூடாது என்பது எமது அபிப்பிராயம். ஏனெனில் அந்தப் பெயரைத் தாங்கிய இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பானட்டைத் திறந்தால், ஒன்றில் பெட்ரோல் எஞ்சினும் மற்றொன்றில் டீசல் எஞ்சினும் இருக்கக் காணலாம். 1973-க்குப் பின் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியதும், பெட்ரோல் ஜீப்பைக் கட்டி மேய்க்க முடியாத உடையவர்கள் டீசலுக்கு மாறினார்கள். சிலர் இன்டர்நேஷனல் டிராக்டர் வம்சத்தைச் சேர்ந்த எஞ்சினையும், சிலர் 2112 சி.சி. கொள்ளளவுள்ள பெஜோ எக்ஸ்.டி.பி. எஞ்சினையும், சிலர் எது மலிவாகக் கிடைத்ததோ அதையும் பூட்டிக்கொண்டார்கள். ஆர்.சி. புத்தகம் ஒன்று சொல்லும். சேஸின் மேல் உட்கார்ந்திருப்பது வேறொன்றாக இருக்கும். ஆகவே குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் வண்டியின் பெயருக்கு இடம் கொடுப்பதற்கு முன்னால், சேஸ் எண், எஞ்சின் எண், கியர் பாக்ஸ், முன் அச்சு, பின் அச்சு, கார்புரேட்டர் அல்லது டீசல் பம்பு ஆகிய இவை ஒவ்வொன்றின் மீதும் பொறித்திருக்கிற எழுத்தையும் எண்ணையும் துடைத்துப் பார்த்து எழுத வேண்டும். பழைய வில்லிஸ் வகைப் பெட்ரோல் எஞ்சினில் அந்த எண், முன்புறத்தில் தண்ணீர்ப் பம்புக்குப் பின்னால் பிளாக்கின் மேல் இருக்கும்; மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் தேய்த்து, சுண்ணாம்புக் கட்டியை எழுத்தின் மீது உரசினால் தெளிவாகத் தெரியும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். வில்லிஸ் பெட்ரோல் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 134 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 2200 சி.சி. உள்ள இந்த எஞ்சினில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் உள்ளிழுக்கும் வால்வும் புகை போக்கும் வால்வும் ஆகிய இரண்டுமே பிளாக்கிற்குள் பக்கவாட்டில் நிற்கும். 3பி ஜீப்பில் வந்த பிந்திய வகையிலோ உள்ளிழுக்கும் வால்வு தலைமேலும், புகை போக்கும் வால்வு பிளாக்கிலும் இருக்கும். சிலிண்டரின் விட்டம் இரண்டிலும் 3 1/8 அங்குலம். பிஸ்டனின் ஓட்டம் இரண்டிலும் 4 3/8 அங்குலம். தீப்பற்றும் வரிசையும் இரண்டிலும் 1-3-4-2. இத்தனை ஒற்றுமையைக் கண்டு மயங்குகிறவர் டேப்பட்டில் ஏமாறுவார். பழைய வகையில் இரு வால்வுகளுக்கும் ஒரே இடைவெளி. பிந்திய வகையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்ளிழுக்கும் வால்வுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கும், புகை போக்கும் வால்வுக்கு 16 பங்கும் வைக்க வேண்டும். ‘ஜீப்புக்கு இவ்வளவு’ என்று எவரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு புகை போக்கும் வால்வை இறுக்கமாக வைத்துவிட்டால், அது தன் இருக்கையில் முழுதும் அமராமல் சூடேறி விளிம்பு கருகிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டுக்கு ஆயிரத்தில் 20, பிளக்கிற்கு 30 என்ற அளவுகளும் இந்த எஞ்சினுக்கே உரியவை. கார்புரேட்டர் விஷயத்தில் அமெரிக்கப் புத்தகம் நமக்குப் பெரும்பாலும் பிரயோஜனப்படாது. அதில் விவரித்திருப்பது கார்ட்டர். நம் வண்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது சென்னையில் செய்யப்பட்ட சோலெக்ஸ். ஜெட்டின் எண்ணை அந்த ஜெட்டின் தலையில் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இங்கே குறிப்பேட்டின் உயிர்நாடியான விஷயத்துக்கு வருகிறோம். ஒரு செய்தியை எழுதுகிறபோது அது எவ்வாறு கிடைத்தது என்பதையும் கூடவே எழுத வேண்டும். நம் சைவ சித்தாந்த ஆசிரியர்கள் அறிவு வருகிற வழியைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக வகுத்தார்கள். அவர்கள் இறைப்பொருளை ஆராய்வதற்கு வகுத்ததை நாம் கிரீஸ் படிந்த அச்சுக்குப் பிரயோகிப்பதில் அபசாரம் ஒன்றும் இல்லையென்று நம்புகிறோம். நம் கையால், நம் கருவியால், நம் வண்டியில் அளந்தறிந்தது காண்டல். நேரே அளக்க இயலாமல் வேறோர் அடையாளத்தைக் கொண்டு கணித்தது கருதல். புத்தகத்தில் வாசித்ததும் பிறர் சொல்லக் கேட்டதும் உரை. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் கா, க, உ என்று ஓர் எழுத்தை இட்டு, உரையாயின் எந்தப் புத்தகம், எந்த வருஷத்துப் பதிப்பு, அல்லது எந்தப் பட்டறைக்காரர் என்பதையும், எல்லாவற்றுக்கும் தேதியையும் குறித்துவிட்டால், பத்து வருஷம் கழித்து அதைப் பார்க்கிறவர் எந்த வரியை எவ்வளவு நம்பலாம் என்று தாமே தீர்மானித்துக்கொள்வார். முரணான இரண்டு செய்திகள் கிடைத்தால் ஒன்றை அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, இரண்டையும் எழுதிவைக்கலாம். பெரும்பாலும் இரண்டுமே, வெவ்வேறு வண்டிகளைப் பற்றியவரையில், மெய்யாகவே இருக்கும்.

கருதலுக்கு நல்ல உதாரணம் அச்சின் பல் விகிதம். பின் அச்சைப் பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ் எவரும் தலையை நுழைக்கலாகாது. கியரை நியூட்ரலில் வைத்து, புரொப்பெல்லர் ஷாப்டின் மேல் ஒரு கோடு கிழித்து, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். மற்றச் சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால், இந்த இரண்டு சுற்று உள்ளே கிரவுன் வீலுக்கு ஒரே சுற்றாகும். அதற்குள் ஷாப்ட் ஐந்து சுற்றும், அதற்கு மேல் ஒரு சுற்றில் எட்டில் மூன்று பங்கும் சுற்றினால், கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல், விகிதம் 5.38 என்று அறியலாம். ஐந்துக்குச் சற்றுக் குறைவாக நின்றால் 39-க்கு 8, அதாவது 4.88.

இந்த அரைச் சுற்று வித்தியாசம் ஏட்டில் எழுதுவதற்குத் தகுந்த அவ்வளவு பெரிய விஷயமா என்றால், ஆம், இந்த ஏட்டில் இதைவிடப் பெரிய விஷயம் அபூர்வம். பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக டீசல் எஞ்சின் பூட்டியவர்கள், அது மெதுவாகச் சுற்றுகிற எஞ்சின் ஆகையால் வண்டிக்கு ஓட்டம் போதவில்லை என்று கண்டு, விகிதம் குறைந்த பின் அச்சை வேறொரு வண்டியிலிருந்து எடுத்துப் போட்டார்கள். முன் அச்சைத் தொடவில்லை. சமவெளியில் ஓடும்வரையில் இதனால் யாதொரு தொந்தரவும் இல்லை. மலையடிவாரத்துத் தோப்புப் பாதையில் சேற்றில் மாட்டிக்கொண்டு, ஒருநாளும் தொடாத ஃபோர்வீல் கம்பியை இழுத்ததும், முன்னும் பின்னும் ஒரே கதியில் சுற்ற வேண்டிய ஷாப்டுகளின் வழியே, முன் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றுவதற்குள் பின் சக்கரம் பதினொரு சுற்றுச் சுற்ற முயல்கிறது. இந்த வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் வழுக்கித் தப்பித்துக்கொண்டாலும், கெட்டித் தரைக்கு வந்ததும் எங்கேனும் ஒரு பல்லோ ஷாப்டோ முறிந்துதான் தீரும். வண்டியை விற்றவர் பின் அச்சு மாற்றியதை ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் வாங்கியவருக்கு இந்த நஷ்டம் நேர்ந்திராது.

உதிரிப் பாகங்களைப் பற்றி. பேரிங்கிற்குப் பெயர் தேவையில்லை, எண்ணே பெயர். வில்லிஸ் வகை ஜீப்பின் முன் சக்கரக் குடத்தில் இருக்கும் பேரிங் டிம்கன் 18590, அதன் வெளிக்கிண்ணம் 18520. ‘ஜீப் பேரிங் கொடுங்கள்’ என்று கேட்டால் மதுரைக் கடைக்காரர் இல்லையென்று கையை விரிக்கக்கூடும். எண்ணைச் சொன்னால், அது எந்த வண்டிக்கு என்று கேளாமலே அலமாரியிலிருந்து எடுத்து வைப்பார். ஆயில் சீலின் மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்று மூன்று எண்கள் இருக்கும். ஃபேன் பெல்ட்டின் முதுகிலும் எண் உண்டு. தேய்ந்துபோன பிற்பாடு இவை வாசிக்க வராது. ஆகையால் புதியதைப் பூட்டுகிற தினத்திலேயே எழுதிக்கொள்வது உத்தமம். பாகம் வந்த அட்டைப் பெட்டியையும் எறிந்துவிட வேண்டாம். 1949-ல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா என்று இத்தகைய பாகங்களைச் செய்கிற தொழிற்சாலைகள் சென்னையைச் சுற்றியே எழுந்தன என்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அந்தப் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை ஏட்டில் வெட்டி ஒட்டிவிட்டால், வடநாட்டுக் கம்பெனியின் புத்தகம் இல்லாமலே பாதி வேலை முடியும்.

போல்ட்டு விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அமெரிக்க வண்டியின் மரை வேறு, ஆங்கில வண்டியின் மரை வேறு, டாடாவின் மில்லிமீட்டர் மரை வேறு. எஞ்சின் மாறிய வண்டியில் இவை மூன்றும் கலந்தே கிடக்கும். அரை அங்குல அமெரிக்கப் போல்ட்டில் அங்குலத்துக்கு 13 மரை. அதே அரை அங்குல ஆங்கில விட்வொர்த் போல்ட்டில் 12. கையால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும், ‘துருப்பிடித்திருக்கிறது’ என்று நினைத்து நெம்புகோல் போட்டு இறுக்கினால் உள்மரை நாசமாகும். எந்த இடத்தில் எந்த மரை என்பதை அளந்தெழுதும்போது, நம் பட்டறை வழக்கப்படி ‘நாலு நூல் போல்ட்’ என்று எழுதுவதில் தவறில்லை. எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதை அறியாத பேரன் வாசிக்கப் போகிறான் என்பதை நினைத்து, அங்குலத்தையும் பக்கத்தில் போடுங்கள். சக்கர நட்டுகளைப் பற்றி ஒரு தனி வரி வேண்டும்: பழைய வில்லிஸ் வகை வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு எதிர்த் திசையில் மரை. நள்ளிரவில் பங்க்சர் ஆன வண்டியில், இதை அறியாத கிளீனர் பையன் நீளக் குழாயை மாட்டி ஏறி மிதித்து ஸ்டட்டை ஒடித்துவிட்டால், பிழை அவனுடையது ஆகாது.

எழுதியதைப் பராமரிப்பது எழுதுவதைவிடக் கடினம். வண்டி மாறாவிட்டாலும் அதற்குள் ஊற்றுகிற பொருள்கள் மாறிவிடுகின்றன. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோயிற்று. மிருதுவான வால்வு இருக்கைகளுக்கு ஈயம் ஒரு பாதுகாப்பாக இருந்தபடியால், டேப்பட் அளவை அடிக்கடி பார்க்க வேண்டிய நிர்ப்பந்தம் அன்றிலிருந்து சில எஞ்சின்களுக்கு உண்டாயிற்று. இப்பொழுது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் வருகிறது. பழைய ரப்பர்க் குழாயும், பெட்ரோல் பம்பிலுள்ள பழைய டயாபரமும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி உப்பும், அல்லது விறைத்து வெடிக்கும். டாங்கியின் அடியில் நாட்பட்ட அழுக்கையும் அது கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் அடைக்கும். 1960-ல் அச்சிட்ட புத்தகத்தில் இதைப்பற்றி ஒரு சொல் இருக்க நியாயமில்லை. அதை மட்டும் நம்புகிறவர் போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்தம் வைக்கிறவருக்கு ஒப்பாவார். கியர் ஆயிலும் அப்படியே. கடையில் ‘தொண்ணூறாம் நம்பர்’ என்று கேட்டால் இக்காலத்தில் ஜி.எல். 5 என்ற தரத்தைக் கொடுத்துவிடக்கூடும். பின் அச்சின் பற்களுக்கு அது நல்லது. பித்தளை வளையங்கள் உள்ள பழைய கியர் பாக்ஸிலோ அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கும் என்ற அச்சம் இருப்பதால் ஜி.எல். 4 ஊற்றுவதே உசிதம். ஆயிலின் நம்பரை மட்டும் எழுதி, தரத்தை எழுதாத ஏடு அரைகுறை.

வழக்கங்களையும் எழுத வேண்டும்; எழுதும்போது நம் அபிப்பிராயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. நம் பக்கத்து வெயிலுக்குப் பயந்து ரேடியேட்டர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது அநேகமாக எல்லாப் பட்டறைகளிலும் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ‘இந்த ஊர் வெயிலுக்கு அது எதுக்கு அண்ணாச்சி?’ என்பார்கள். மூடிக்கொண்டு திறவாமல் கெட்டுப்போன தெர்மோஸ்டாட் எஞ்சினைக் கொதிக்க வைப்பது மெய்யே. அதற்குப் பரிகாரம் புதியது போடுவது. அது இல்லாத எஞ்சின் காலையில் நெடுநேரம் சூடேறாமல், பெட்ரோலைக் குடித்து, ஆயிலை நீர்த்துப்போகச் செய்து, சிலிண்டரைத் தேய்க்கும். ஆயினும் ஒரு வண்டியில் அது கழற்றப்பட்டிருந்தால், அந்த உண்மையை ஏட்டில் பதிவு செய்வது கடமை. நாம் விரும்புகிற வண்டியைப் பற்றி எழுதலாகாது. நிற்கிற வண்டியைப் பற்றி எழுத வேண்டும்.

ஏட்டைத் திருத்துகிறவர்களுக்கு ஒரே விதி: அழிக்கக்கூடாது. தவறான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதையும் திருத்தியவர் பெயரையும் தேதியையும் எழுதினால், அந்தத் தவறு மீண்டும் ஒருமுறை வேறு வாசலால் நுழைவதைத் தடுக்கலாம். பலர் கூடி எழுதுகிற ஏட்டுக்குப் பொறுப்பாளர் ஒருவராகவே இருப்பது நலம்; அவர் ஊரிலேயே கெட்டிக்கார மெக்கானிக்காக இருக்க வேண்டிய அவசியமில்லை; சந்தேகப்படத் தெரிந்தவராகவும் கையெழுத்து விளங்குகிறவராகவும் இருந்தால் போதும். மூலப்பிரதி வீட்டில் இருக்கட்டும். பட்டறைக்குப் போகிற பிரதி கிரீஸ் கறைபட்டு ஆறு மாதத்தில் கந்தலாகும் என்று எதிர்பார்த்து, அன்றாடம் வேண்டிய அளவுகளை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி லேமினேஷன் செய்து தொங்கவிடலாம். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து வேறூரிலுள்ள உறவினர் ஒருவரிடமும் கொடுத்துவைப்பது நல்லது. கம்பெனிப் புத்தகத்தை அப்படியே பிரதி எடுத்து விற்பது பதிப்புரிமைக்கு விரோதம். அதிலுள்ள அளவுகளை நம் வார்த்தையில், நம் வண்டியோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்வதற்குத் தடையில்லை.

சட்ட சம்பந்தமான காகிதங்களுக்கும் ஏட்டின் கடைசியில் சில பக்கங்களை ஒதுக்க வேண்டும். 1985-க்கு முன் இந்தப் பிரதேசம் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தபடியால் பழைய ஆர்.சி. புத்தகத்தில் அந்தப் பெயரே காணப்படும். அதைக் கண்டு போலிக் காகிதம் என்று மிரள வேண்டாம். எஞ்சினையோ பாடியையோ மாற்றியவர்கள் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி அதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்; ஏற்றிய தேதி நம் ஏட்டிலும் இருக்கட்டும். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-ல் ஏற்பட்ட விதிகளின்படி ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களோடு தனிப் பதிவெண் வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அந்த எண் பெற்ற வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ உபயோகிக்கக்கூடாது. சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெரிய மாறுதல் இல்லாமல் இருக்கவும் வேண்டும். தேங்காய் ஏற்றுகிறவருக்கும் டீசல் பூட்டியவருக்கும் அந்த விதி உதவாது.

இதை வாசித்த உடையவர்கள் முழு ஏட்டையும் ஒரே வாரத்தில் எழுதி முடிக்க முயல வேண்டாம். சேஸ் எண், எஞ்சின் எண், இரண்டு அச்சுகளின் பல் விகிதம், இடப்பக்கச் சக்கர நட்டின் மரை ஆகிய இந்த நான்கையும் மட்டும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்த்து, தேதியிட்டு, ‘கா’ என்றோ ‘க’ என்றோ ஓரத்தில் குறித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்; மற்றவற்றை வண்டி பட்டறைக்குப் போகிறபோதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.